ஒண்ணும் ஆகாது என்று சொல்லாத அக்கா

அந்த அக்கா யாருக்கும் ஆறுதலாக 'ஒண்ணும் ஆகாது' என்று சொல்லி நான் கேட்டதே இல்லை. என்னைச் சுற்றி இருந்த மற்ற எல்லோரும் ஒரு நாளைக்குப் பத்துத் தடவை என்னிடம் அதைத்தான் சொல்வார்கள். என் வீட்டுக்காரர் போனிலிருந்து தலையைத் தூக்காமல் சொல்வார். என் பெண், "அம்மா, இட்ஸ் ஃபைன்" என்று இங்கிலீஷில் சொல்வாள். சொல்லிவிட்டு அவரவர் வேலையைப் பார்க்கப் போய்விடுவார்கள். பயம் மட்டும் என் பக்கத்திலேயே உட்கார்ந்திருக்கும்.

எனக்கு அது பிறவிக் குணம். கராஜ் கதவை மூடினோமா என்று பார்க்க, பாதி வழியில் காரைத் திருப்பச் சொல்கிற ஆள் நான். ஒன்பதாவதோடு படிப்பு நின்றுபோனதால், தபாலில் எந்தக் கவர் வந்தாலும் அதைப் பிரிக்காமல் வீட்டுக்காரர் வரும்வரை மேஜைமேல் வைத்துவிடுவேன். டெக்சாஸில், ரவுண்ட் ராக்கில் எங்கள் தெருவில் முக்கால்வாசி வீடுகளில் ஆணும் பெண்ணும் கம்ப்யூட்டர் வேலைக்குப் போகிறவர்கள். பகலில் வீட்டில் இருந்தது நாங்கள் இரண்டு பேர்தான். வேலிக்கு இந்தப் பக்கம் நான், அந்தப் பக்கம் அந்த அக்கா.

முதல் நாள் எனக்கு நன்றாக நினைவிருக்கிறது. காலை பத்து மணி. எங்கள் பேக்யார்டில் மூடி வைத்திருந்த கறி வாட்டும் கிரில் அடுப்பின் மேல் ஒரு பழுப்புக் கோழி ஏறி உட்கார்ந்திருந்தது. "ஐயோ அம்மா" என்று கத்திக்கொண்டே துடைப்பத்தை எடுத்தேன். வேலி இடுக்கிலிருந்து ஒரு குரல் வந்தது.

"கொத்தும். கைய பின்னால வச்சிக்க."

நான் கத்தியதை வைத்துத் தமிழ் என்று கண்டுபிடித்திருக்கிறார். வேறு யாராக இருந்தாலும் 'பயப்படாதீங்க, ஒண்ணும் பண்ணாது' என்றுதான் சொல்லியிருப்பார்கள். இவர் கொத்தும் என்றார். கையைப் பின்னால் வைத்துக்கொண்டேன். அடுத்த நிமிஷம் நைட்டிக்கு மேல் அவர் வீட்டுக்காரரின் பெரிய ஜாக்கெட்டும், காலில் ரப்பர் பூட்ஸுமாக கேட்டைத் திறந்துகொண்டு வந்தார். கோழியை இரண்டு கையாலும் சேர்த்துத் தூக்கிக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு, "தொடப்பத்தப் பாத்தா இன்னும் மிரளும் பிள்ள. கீழ போடு" என்றார்.

தூத்துக்குடிக்காரர். வேதக்காரர், கிறிஸ்தவர்களை அவர் ஊரில் அப்படித்தான் சொல்வார்கள். அவர் வீட்டுக்காரர் டிரக் ஓட்டுகிறவர், பத்து நாள் ரோட்டில் இருந்தால் மூன்று நாள் வீட்டில் இருப்பார். பையன் நியூஜெர்சியில். துணைக்கு ஆறு கோழிகள். பெரியவ, கறுப்பி, சிலுப்பி, ஊமச்சி, கடைக்குட்டி, அப்புறம் சிவப்பாகப் பெரிய கொண்டை வைத்திருந்த கொண்டைக்காரி.

"காலனிச் சங்கத்து எச்ஓஏகாரங்க கோழி கூடாதுன்னு லெட்டர் போட்டுட்டா என்னக்கா பண்ணுவீங்க?" என்று அன்றைக்கே கேட்டேன்.

"போடுவான்."

"போட்டா?"

"எத்தன கோழி வளக்கலாம்னு ரூல் பேப்பர் எங்கிட்ட இருக்கு. எடுத்துக் காட்டுவேன்."

"அப்பவும் ஒத்துக்கலைன்னா?"

"கொழம்பு வைப்பேன். நீயும் வா."

அவர் பழகும் விதமே அதுதான். என் பயத்தை அவர் தள்ளிவிட்டதில்லை. அதை உட்காரவைத்து விசாரிப்பார். 'ஆச்சுன்னா?' என்று கேட்பார். அதற்கு நான் ஒரு பதில் சொன்னால், 'அதுக்கு அப்புறம்?' என்பார். கடைசியில் கையால் செய்கிற மாதிரி ஒரு வேலை கிடைக்கும். அதைச் செய்ய வைத்துவிட்டு, "வேல முடிஞ்சிதா? இப்ப பயப்படு" என்பார். கிண்டலாகச் சொல்கிறார் என்று முதலில் நினைத்தேன். இல்லை, நிஜமாகவேதான் சொன்னார். வேலை முடிந்த பிறகு பயப்பட அனுமதி உண்டு. ஆனால் அப்போது பார்த்தால் பயம் பாதியாகக் குறைந்திருக்கும்.

என் பெண் லைசென்ஸ் எடுத்து முதல் தடவை தனியாக ஃப்ரீவேயில் போகப்போகிறேன் என்றபோது எனக்கு இரண்டு நாள் சோறு இறங்கவில்லை. எல்லோரும் அந்த ஒரே வார்த்தையைச் சொன்னார்கள். அக்கா வேலிமேல் முழங்கையை ஊன்றிக்கொண்டு, "ஆகத்தான் செய்யும். எல்லாருக்கும் ஒரு நா ஆகுது. டயரு வெடிச்சா என்ன செய்யணும்னு அவளுக்குத் தெரியுமா?" என்றார். தெரியாது. சனிக்கிழமை அவரே எங்கள் டிரைவ்வேக்கு வந்து, அவளை ஸ்டெப்னி மாற்ற வைத்தார். அவள் மூஞ்சியைத் தூக்கிவைத்துக்கொண்டு, "ஆன்ட்டி, ஐ கேன் ஜஸ்ட் கால் சம்படி" என்றாள். "போன்ல சார்ஜ் இல்லன்னா?" என்றார் அக்கா. அவள் ஜாக்கியைச் சுற்றினாள். அன்றைக்கு ராத்திரி நான் சாப்பிட்டேன்.

ஒரு நாள் சூடான டீ டம்ளரை வெறும் இடது கையால் பிடித்துக்கொண்டு நின்றார். எனக்குப் பதறியது. "இந்த ரெண்டு வெரல்லயும் உசிரு கிடையாது" என்று மோதிர விரலையும் சுண்டு விரலையும் காட்டினார். பதினாலு வயதில் பள்ளிக்கூடத்தை விட்டுவிட்டு ஊரில் ஒரு இறால் கம்பெனி ஐஸ் ரூமுக்கு வேலைக்குப் போனாராம். ஒரு நாள் கையுறைக்குள் தண்ணீர் போய்விட்டது. "கை விறைக்கிதுன்னு சொன்னேன். ஒண்ணும் ஆகாது, இந்த லோடு மட்டும் முடிச்சிட்டுப் போன்னான் சூப்பர்வைசர்." அவ்வளவுதான் சொன்னார். டீயை ஊதிக் குடித்தார்.

அதனால்தானோ என்னவோ, குளிரைப் பற்றி அவருக்கு ஒரு தெளிவு இருந்தது. டெக்சாஸில் வருஷத்தில் பத்துப் பதினைந்து நாள்தான் கடுங்குளிர். அந்த நாட்களில் அவருடைய கோழிப் பராமரிப்பைப் பார்க்க வேண்டும். காலையில் வெந்நீர் கொண்டுபோய் உறைந்த தண்ணீர்க் கிண்ணத்தை மாற்றுவார். மத்தியானம் மறுபடி மாற்றுவார். சாயங்காலம் கூண்டுக்குள் போவதற்கு முன்னால் ஆளுக்கொரு பிடி மக்காச்சோளம். "வயித்துல இருந்தா உள்ளேருந்து சூடு வரும்." கொண்டைக்கு வாசலின் தடவுவார். கொண்டைக்காரிக்கு மட்டும் இரண்டு மடங்கு. உள்ளே அவை உட்காரும் கட்டை, குச்சி மாதிரி இருக்காது, அகலமான பலகை. பலகை அகலமாக இருந்தால்தான் கோழி காலைப் பரப்பி, அதன்மேல் வயிற்று இறகை இறக்கி உட்காரும். போர்வை போர்த்தின மாதிரி.

எல்லாம் முடிந்ததும் கூண்டின் கூரைக்கு அடியில், உள்பக்கம், வலது கையை விட்டுத் தடவிப் பார்ப்பார். ஈரம் இருக்கிறதா என்று பார்க்கத்தான். "குளுரு ஒண்ணும் செய்யாது. அதுக்குத்தான் இறகு இருக்கே. ஈரந்தான் கொல்லும்." அந்த ஈரக் காற்று வெளியே போவதற்காகக் கூரையை ஒட்டி இரண்டு பக்கமும் நீளமாக ஓட்டை விட்டு, கம்பி வலை அடித்திருந்தார்.

மருமகளுக்குப் பிரசவத்துக்கு இரண்டு மாதத்துக்கு மேல் இருக்கும்போதே, டாக்டர் அவளைப் படுத்தே இருக்கச் சொல்லிவிட்டார் என்று துணைக்கு நியூஜெர்சிக்குக் கிளம்பியபோது, கோழிகளை என்னிடம் ஒப்படைத்தார். என் வீட்டுக்காரர் சிரித்துவிட்டார். "இவகிட்டயா? கோழிக்கு முன்னாடி இவளுக்கு அட்டாக் வந்துடும்க்கா."

"பயப்படாத ஆளுகிட்ட குடுத்தா மறந்துருவாவ. இவ மறக்க மாட்டா" என்றார் அக்கா. என்னைப் பற்றி யாரும் அப்படி ஒரு நல்ல வார்த்தை சொன்னதில்லை.

பூட்ஸையும் சோள மூட்டையையும் கொடுத்துவிட்டு, காரில் ஏறுவதற்கு முன்னால் திரும்பி வந்து ஒன்றே ஒன்று சொன்னார். "என்ன வேணா செய். மேல உள்ள ஓட்டைய மட்டும் அடச்சிராத."

தலையை ஆட்டினேன்.

அவர் போன ஐந்தாம் நாள், நாங்கள் யாரும் அதுவரை பார்த்திராத குளிர் வந்தது. மரக்கிளைகள் கண்ணாடி பூசின மாதிரி ஆகி ஒவ்வொன்றாக முறிந்தன. காலையில் கரண்ட் போனது. வரவே இல்லை. ஹீட்டர் இல்லை. நாங்கள் மூன்று பேரும் ஹாலில் வீட்டிலிருந்த எல்லாக் கம்பளிகளையும் போர்த்திக்கொண்டு உட்கார்ந்தோம். என் பெண் இரண்டு ஸ்வெட்டருக்கு மேல் அவள் அப்பாவின் மங்கி குல்லாவையும் போட்டுக்கொண்டாள். சாதாரண நாளில் அதைக் கையாலும் தொடமாட்டாள்.

நமக்கு அதுதானே தெரியும். குளிர் என்றால் முதல் வேலை காதை மூடுவது, ஜன்னலை அடைப்பது. என் மாமனார் இங்கே வந்திருந்தபோது ஏசிக்கே குல்லா போட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்தார். காது வழியாகத்தான் குளிர் உள்ளே போகும் என்று நான் பிறந்ததிலிருந்து கேட்டு வளர்ந்திருக்கிறேன். சாயங்காலம் நாலு மணிக்குச் சோளம் போடப் போனேன். அந்த இரண்டு ஓட்டையும் எனக்கு இரண்டு காது மாதிரித் தெரிந்தன. காற்று ஊளையிட்டுக்கொண்டு போனது. உள்ளே ஆறும் ஒன்றோடொன்று ஒட்டி உட்கார்ந்திருந்தன. அக்கா சொன்னது நினைவில் இருந்தது. இல்லை என்று சொல்லமாட்டேன். ஆனால் இப்படி ஒரு குளிர் வரும் என்று தெரிந்தா சொன்னார்? தெரிந்திருந்தால் அவரே அடைக்கச் சொல்லியிருப்பார் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். பழைய ஸ்வெட்டர்களைச் சுருட்டி இரண்டு ஓட்டையிலும் திணித்தேன். மேலே பஞ்சு வைத்துத் தைத்த கம்ஃபர்ட்டர் போர்வையைப் போட்டு, அதற்கு மேல் பிளாஸ்டிக் ஷீட்டைப் போர்த்திக் கட்டினேன். அன்றைக்கு முதல் தடவையாகக் கொஞ்சம் நிம்மதியாக இருந்தது.

காலையில் கூண்டுக் கதவைத் திறந்ததும் ஒரு நெடி வந்து கண்ணில் அடித்தது. எச்சத்தின் நெடி. கூரைக்கு அடியில் கையை விட்டேன். சொட்டச் சொட்ட ஈரம். ஓரங்களில் அந்த ஈரமே வெள்ளையாக உறைந்திருந்தது. ஆறு கோழியும் ராத்திரி முழுக்க விட்ட மூச்சுதான் அது. போக வழியில்லாமல் அவற்றின் மேலேயே இறங்கியிருந்தது. ஐந்து பலகைமேல் இருந்தன. கொண்டைக்காரி கீழே, நனைந்த வைக்கோலில் கழுத்தை உள்ளே இழுத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். கொண்டையின் நுனிகள் மெழுகு மாதிரி வெளுத்திருந்தன.

போனில் சார்ஜ் இல்லை. காரை வெளியே எடுத்து நிறுத்தி, அதில் சார்ஜ் போட்டு, சிக்னல் வருகிறதா என்று ஜன்னலுக்கு வெளியே கையை நீட்டிப் பார்த்தேன். வேறு ஏதாவது சொல்லிச் சமாளிக்கலாமா என்று ஒரு நிமிஷம் தோன்றியதும் உண்மை. அக்கா எடுத்தார். பின்னால் ஏதோ மெஷின் பீப் பீப் என்று அடித்துக்கொண்டிருந்தது. மைக்ரோவேவாக இருக்கும் என்று நினைத்தேன்.

"அக்கா, கொண்டைக்காரி..." என்றேன்.

"ஓட்டைய அடச்சியா?"

"ஆமாக்கா."

"கைய வச்சிப் பாத்தியா?"

"சொட்டுது அக்கா."

"சரி. அடச்சத எடு. மொதல்ல அது."

"செத்துடுமாக்கா?"

"சாகலாம்" என்றார். "ஒத்தடம் குடுக்கலாம்னு நெனச்சிட்டு நிக்கியோ? குடுத்துராத. தேய்க்கவும் செய்யாத, கொண்ட பிஞ்சிரும். வீட்டுக்குள்ள குளுரு கொறஞ்ச எடத்துல ஒரு பெட்டியில வச்சிரு. தானா மெல்ல சூடு ஏறட்டும்."

வெந்நீரில் நனைத்த துண்டு அப்போது என் தோளில்தான் இருந்தது.

"நனஞ்ச வைக்கோல எடுத்துறவாக்கா?"

"எடு. ஒண்ணு விடாம எடு. காஞ்சதாப் போடு."

"காஞ்சது எதுவும் இல்லியே. கடை எல்லாம் மூடியிருக்கு."

"ஒன் வீட்டுல பார்சல் வந்த அட்டப்பெட்டி இல்லாமயா இருக்கும்? கிழிச்சிப் போடு. கூரைய தொட. மத்த அஞ்சுக்கும் வாசலின் தடவு. எல்லாம் முடிச்சிட்டு..." என்று நிறுத்தினார்.

"பயப்படறேன்க்கா."

"ம்" என்று சொல்லி வைத்துவிட்டார்.

கராஜில் ஆள் உயரத்துக்கு அட்டைப்பெட்டிகள் இருந்தன. தூக்கிப் போடுங்கள் என்று நான் ஆறு மாதமாகச் சண்டை போட்டவை. மூன்று பேரும் தரையில் உட்கார்ந்து கிழித்தோம். என் வீட்டுக்காரர் அன்றைக்கு ஒரு தடவைகூட என்னைக் கிண்டல் பண்ணவில்லை. என் பெண் குல்லாவோடு கூண்டுக்குள் பாதி உடம்பை நுழைத்துக் கூரையைத் துடைத்தாள். "அம்மா, இட்ஸ் சோ வெட் இன் ஹியர்" என்றாள்.

சாயங்காலம் முதல் நாளைவிடக் குளிர் அதிகம். ஓட்டை இரண்டும் திறந்து கிடந்தன. செய்ய வேண்டியது எல்லாம் செய்தாகிவிட்டது. எதையும் அடைக்காமல், அப்படியே விட்டுவிட்டு வீட்டுக்குள் வருவது இருக்கிறதே, என் வாழ்க்கையில் அதைவிடக் கஷ்டமான வேலையை நான் செய்ததில்லை. லாண்டரி ரூமில் கொண்டைக்காரி பெட்டிக்குள் கண்ணை மூடி இருந்தாள். பக்கத்தில் பக்கெட்டைக் கவிழ்த்துப் போட்டு உட்கார்ந்து, அனுமதி வாங்கின ஆள் மாதிரி, திருப்தியாகப் பயந்தேன்.

மறுநாள் காலையில் கூரைக்கு அடியில் கையை விட்டேன். காய்ந்திருந்தது. பலகைமேல் ஐந்தும் காலை மூடிக்கொண்டு உப்பலாக உட்கார்ந்து, யார் இந்த நேரத்தில் என்பது போல் என்னைப் பார்த்தன. வீட்டுக்குள் பெட்டியிலிருந்து டொக் டொக் என்று சத்தம். கொண்டைக்காரி அட்டையைக் கொத்திக்கொண்டிருந்தாள். அதற்கு அடுத்த நாள் கரண்ட் வந்தது.

இரண்டு வாரம் கழித்து ஒரு மத்தியான நேரத்தில் அக்கா வந்தார். வீட்டுக்குள் போகாமல் நேராகக் கூண்டுக்கு வந்தார். அதற்குள் கொண்டைக்காரியின் கொண்டையில் மூன்று நுனிகள் கறுத்துச் சுருங்கியிருந்தன. நான் மன்னிப்புக் கேட்க ஒரு பெரிய பேச்சைத் தயார் பண்ணி வைத்திருந்தேன். அக்கா அவளைத் தூக்கிக் கொண்டையைத் தொடாமல் பார்த்தார்.

"வலிச்சிருக்கும்" என்றார்.

பரவாயில்லை என்று சொல்லவில்லை. அவளைக் கீழே விட்டுவிட்டு, "இதுகள நீயே வச்சிக்க பிள்ள. நான் துணிமணி எடுக்கத்தான் வந்தேன், நாலு நாள்ல திரும்பப் போறேன். அங்கனயே இருந்துருவேன் போல" என்றார்.

"குழந்தை பொறந்துடுச்சாக்கா?"

"பொம்பளப் பிள்ள. ரெண்டு மாசம் முன்னாடியே வந்துட்டு. இன்னும் கண்ணாடிப் பெட்டியிலதான் கெடக்கு."

"எப்பக்கா?"

"நீ போன் பண்ணுனியே, அன்னைக்கு வெடியக்காலம்."

எனக்கு அந்த பீப் பீப் சத்தம் நினைவுக்கு வந்தது. "ஏன்க்கா சொல்லல? நான்பாட்டுக்குக் கோழி, வைக்கோல்னு உங்க உயிர எடுத்திருக்கேனே."

"நீ கேட்டது நல்லதாப் போச்சு. அங்க ஒரு வேலையும் எனக்குத் தரல. தள்ளி நில்லுன்னுட்டாவ. கைய உள்ள விடக் கூடாது. நீ வைக்கோல எடுக்கவான்னு கேட்ட. எடுன்னு சொன்னேன். அன்னைக்கு நான் உருப்படியாச் செஞ்சது அது ஒண்ணுதான்."

சொல்லிவிட்டு வேலியைப் பார்த்துக்கொண்டு நின்றார். அப்புறம் என் பக்கம் திரும்பாமலே சொன்னார். "ஏட்டி, நீ ஒரு வார்த்த சொல்லு. ஒண்ணும் ஆகாதுன்னு சொல்லு."

இதைப் படிக்கிறவர்களில் என்னை மாதிரி ஆட்களும் இருப்பார்கள். அவர்கள் கடைசி வரை பதறிக்கொண்டு படிக்க வேண்டாம் என்று இப்போதே சொல்லிவிடுகிறேன். குழந்தை பிழைத்தது. இப்போது பள்ளிக்கூடம் போகிறாள் என்று கேள்விப்பட்டேன். ஆனால் அன்றைக்கு அது எங்கள் இரண்டு பேருக்குமே தெரியாது.

அந்த வார்த்தை என் நாக்கு நுனி வரை வந்தது. சொல்லியிருந்தால் அவருக்கு ஒரு நிமிஷம் நன்றாக இருந்திருக்கும். என்னால் முடியவில்லை. அவருக்கு அதைச் சொல்லிவிட்டு நான் என் வேலையைப் பார்க்கப் போக முடியாது.

"டாக்டர் என்னக்கா சொல்லியிருக்காங்க?" என்று கேட்டேன்.

"தெனம் எட பாக்காவ. கூடணும். தாய்ப்பால் குழாயில ஏத்துதாவ."

"மருமகளுக்குப் பால் வருதா?"

"பத்தல."

"பத்தலைன்னா?"

அக்கா திரும்பி என்னைப் பார்த்தார். நான் யார் மாதிரிப் பேசுகிறேன் என்று அவருக்குப் புரிந்துவிட்டது. "பால்சுறா புட்டு செஞ்சிக் குடுக்கணும். எங்க ஊர்ல பிள்ள பெத்தவளுக்கு அதான். அங்க சுறாவுக்கு நான் எங்க போவேன்?"

"இங்க சைனீஸ் கடைல இருக்குக்கா. நான் பார்த்திருக்கேன். வாங்கி அவிச்சு, உதுத்து, ஃப்ரீஸ் பண்ணி எடுத்துட்டுப் போங்க. ஐஸ்ல பேக் பண்றது உங்களுக்கா தெரியாது?"

அன்றைக்கே போய் வாங்கி வந்தோம். இரண்டு நாள் என் வீட்டு அடுப்பிலும் அவர் வீட்டு அடுப்பிலும் சுறா வெந்தது. மஞ்சளும் பூண்டும் மிளகும் போட்டு, முள் எடுத்து, சின்னச் சின்னப் பொட்டலமாகக் கட்டினோம். என் பெண் மூக்கைப் பிடித்துக்கொண்டு மாடிக்குப் போய்விட்டாள். கிளம்புகிற நாள் காலையில் கடைசிப் பொட்டலத்தைப் பெட்டியில் வைத்து டேப் ஒட்டினார். நாங்கள் கூண்டுப் பக்கம் நின்றோம்.

"வேலை முடிஞ்சுதாக்கா?" என்றேன்.

"முடிஞ்சிட்டு."

"இப்ப பயப்படுங்க. நான் இங்கதான் நிக்கறேன்."

அக்கா பக்கெட்டைக் கவிழ்த்துப் போட்டு உட்கார்ந்தார். ஜாக்கெட் கையால் முகத்தை மூடிக்கொண்டு அழுதார். கோழிகள் அவர் காலைச் சுற்றிக் கிளறிக்கொண்டிருந்தன.

அப்புறம் எழுந்தார். மூக்கைத் துடைத்துக்கொண்டு, வழக்கம்போல் கூரைக்கு அடியில் கையை விடப் போனவர் பாதியில் நிறுத்தினார்.

"நீ பாரு" என்றார்.

நான் கையை உள்ளே விட்டு, ஒரு மூலையிலிருந்து இன்னொரு மூலை வரை மெதுவாகத் தடவினேன்.

"காஞ்சிருக்குக்கா" என்றேன்.